உருகிய கல்

முத்தாயம்மாளின் மூக்கை நம்பித்தான் அந்த நெய் மண்டியே நடந்தது. ராசிபுரம் சந்தைக்கு வருகிற எந்த டின்னைத் திறந்தாலும் சரி, ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து, நாக்கிலும் வைத்துப் பார்த்து, எருமை நெய்யா பசு நெய்யா, எண்ணெய் கலந்ததா என்று சொல்லிவிடுவாள். சொன்னால் சொன்னதுதான். அவள் புருஷன் சென்னிமலை பேருக்குத்தான் முதலாளி.

அப்படிப்பட்டவளுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் தை மாதம் வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே கவ்விப் பிடித்து முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறும். வாந்தி எடுப்பாள். இரண்டு மணி நேரம் உயிரை வாங்கிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் போய்விடும். வயிற்றில் கல்லாக இருக்கும் என்று யாரோ சொல்ல, பக்கத்து வீட்டு மாரக்காள் வாழைத்தண்டுச் சாற்றைச் சொம்பு சொம்பாகக் கொண்டுவந்து ஊற்றினாள். வலி அசையவில்லை.

பென்ஷன் வாங்கிய போஸ்ட்மாஸ்டர் உபகாரசாமி அப்போது ஊரில் ஓமியோபதி பார்த்துக்கொண்டிருந்தார். கல்கத்தாவிலிருந்து பார்சலில் மருந்து வரும். காசு வாங்கமாட்டார், நல்ல மனுஷன். ஆனால் கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார். எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பாய், சூடு பிடிக்குமா குளிர்ச்சி பிடிக்குமா, கோபம் வருமா, அழுகை வருமா?

"இப்ப கோபந்தானுங்க வருது" என்றாள் முத்தாயம்மாள்.

அவர் சிரித்துக்கொண்டே அதையும் நோட்டில் எழுதினார். "அம்மா, மாரக்காள் குடுத்த சாறு மூத்திரக் கல்லுக்கு. உங்களுது பித்தப்பைக் கல்லு. ஈரலுக்கு அடியில ஒரு சின்னப் பை இருக்கு. அதுல தேங்கற பித்தம் கெட்டியாகிக் கல்லாகும். நெய்ப் பண்டம் உள்ள போனா அந்தப் பை சுருங்கும், கல்லு போய் அதோட வாயை அடைக்கும், வலிக்கும். அந்தத் தெருவுக்குப் போட்ட கடுதாசி இந்தத் தெருவுக்கு எப்படி வரும்?"

கடுகு மாதிரி சர்க்கரை உருண்டைகளை நாக்கில் போட்டார். மருந்துக்குப் பேர் செலிடோனியமாம். காப்பி, சூடம், பெருங்காயம், பச்சை வெங்காயம் எதுவும் ஆகாது. நெய் உள்ளே போகவே கூடாது. முகர்ந்து பார்க்கலாம், நாக்கில் வைக்கக்கூடாது.

ஐந்து மாதம் வலியே இல்லை. வலியை நிறுத்தியது சர்க்கரை உருண்டையா, நெய்யை விட்டதா என்று முத்தாயம்மாளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டால் மனுஷன் வருத்தப்படுவார் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஆடி நோன்புக்கு நெய்யில் சுட்ட ஒப்பிட்டு, அதுதான் போளி, இரண்டே இரண்டு தின்றாள். வலி திரும்பி வந்தது, முன்னைவிடப் பலமாக. உபகாரசாமி ஏதோ ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டி, இங்கிலீஷ் மருந்துக் கடையிலிருந்து ஆலிவ் எண்ணெய் வரவழைத்து, எலுமிச்சம் சாற்றோடு கலந்து அரைச் சொம்பு குடிக்க வைத்தார். அடுத்த நாள் காலையில் பச்சைப் பச்சையாக இருபது முப்பது உருண்டைகள் வெளியே வந்தன.

சென்னிமலைக்குத் தலைகால் புரியவில்லை. உருண்டைகளைக் கழுவி ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மண்டிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "பாத்தீங்களா, கத்தி படாம அத்தனை கல்லையும் எடுத்துப்போட்டாரு நம்ம போஸ்ட்மாஸ்டரு!" கத்தி என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். அவருடைய அண்ணன் ஆஸ்பத்திரி மேசையில்தான் கண்ணை மூடினார்.

மூன்றாம் நாள் முத்தாயம்மாளுக்குக் குளிர் ஜுரம் கண்டது. கண் மஞ்சளித்தது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. விலாவுக்குக் கீழே விரல் பட்டாலும் உயிர் போனது.

"காமாலைதான். கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாச் சரியாப் போயிரும்" என்றார் சென்னிமலை.

"என்னைச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. உள்ள என்னமோ அழுகுதுங்க."

"கல்லுதான் வந்துருச்சே புள்ளே! இன்னும் எதை அறுக்கறதுக்கு ஆஸ்பத்திரி? உன்னையும் அவனுக கையில குடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்?" கூட்டிப் போகமாட்டேன் என்றால் போகமாட்டார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பேச்சு எடுபடாது.

தான் சாகப்போகிறோம் என்று முத்தாயம்மாளுக்குப் பட்டது. பயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. சென்னிமலை யார் பேச்சையாவது கேட்பார் என்றால் அது உபகாரசாமி பேச்சுதான். அவருக்கு ஆள் அனுப்பினாள்.

அவர் வந்ததும் புட்டியைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார். கல்கத்தாப் பத்திரிகைக்கு எழுதப்போவதாகச் சொன்னார். முத்தாயம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஒரு டம்ளர் சுடுதண்ணி கொண்டாங்க."

சென்னிமலை கொண்டுவந்தார். புட்டியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து அதில் போட்டாள். மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உருண்டை முதலில் இளகியது, பிறகு கரைந்தது, மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது. அவள் அதை விரலால் தொட்டுப் புறங்கையில் தேய்த்து முகர்ந்தாள்.

"உங்க எண்ணெயும் எலுமிச்சையுந்தானுங்க. கல்லு எங்கயாவது உருகுமுங்களா? என்னோட கல்லு உள்ளயேதான் இருக்குது."

உபகாரசாமி டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். இன்னோர் உருண்டையைத் தானே போட்டார். அதுவும் கரைந்தது. அவர் முகம் செத்துவிட்டது. சிறிய கல்லாக இருந்தால் இளகும் என்றோ, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றோ அவர் சொல்லியிருக்கலாம். சென்னிமலை அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

"சென்னிமலை, நான் தோத்துட்டேன். மத்தியான பஸ்ஸுக்கு இவங்களைக் கூட்டிட்டுப் போங்க" என்றார் உபகாரசாமி.

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்க?"

"நான்தான் சொல்லணும். வேற யார் சொல்றது?" காகிதம் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து, டாக்டருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். சென்னிமலை பணம் எடுக்கப் பெட்டியைத் திறந்தார்.

சேலத்தில் அன்று சாயங்காலமே வயிற்றைத் திறந்தார்கள். சுண்டைக்காய் அளவில் ஏழு கற்கள் இருந்தன, பை சீழ் கோத்துப் போயிருந்தது. இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் கையை விரித்திருப்பேன் என்றார் டாக்டர்.

எட்டாம் நாள், நர்ஸ் இன்னாசிமேரி கேஸ் காகிதத்தோடு குத்தியிருந்த அந்தக் கடிதத்தை எடுத்து முத்தாயம்மாளுக்குத் தமிழில் சொன்னாள். என்ன மருந்து, எந்தத் தேதி, வலி என்றைக்கு, ஜுரம் என்றைக்கு, எல்லாம் வரிசையாக இருந்தது. கடைசியில் இப்படி இருந்தது: 'குணமாகிவிட்டது என்று நம்பியது என் தவறு. தாமதத்துக்கு நான் பொறுப்பு, இந்தக் குடும்பம் அல்ல. தயவுசெய்து இவர்களைத் திட்டாதீர்கள்.'

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த சென்னிமலை கொதித்தார். "ஏழு மாசம் இழுத்தடிச்சுட்டு எழுத்து வேற! ஊருக்குப் போய் அவனை நாலு வார்த்தை கேக்காம உடமாட்டேன்."

"கேளுங்க. மொதல்ல என்னைக் கேளுங்க. சந்தேகம் இருந்தும் வாயை மூடிட்டுக் கெடந்தது நானு. ஆஸ்பத்திரி வேண்டாம்னு புடிவாதம் புடிச்சது நீங்க. நான் தப்புப் பண்ணிட்டேன்னு நம்ம ரெண்டு பேரும் யாருகிட்டயாவது எழுதிக் குடுத்தோமுங்களா?"

சென்னிமலை அந்தக் கடிதத்தை வாங்கி, மறுபடி கேஸ் காகிதத்தோடு குத்தி வைத்தார். பிறகு கஞ்சி வாங்கிவர எழுந்து போனார்.