விசில் வாத்தியாரின் எழுநூறு வாக்கியங்கள்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் ஹார்டு டிஸ்க்கின் வயரைக் கம்ப்யூட்டரில் செருகி, 'விசில் வாத்தியார்' என்று தன் கையாலேயே பெயரிட்ட ஃபோல்டரைத் தேடினாள். காணோம். பட்டியலை மேலிருந்து கீழே ஒரு முறையும் கீழிருந்து மேலே ஒரு முறையும் பார்த்தாள். லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரல் இருந்தது, பல்பொடி விளம்பரம் இருந்தது, பாதியில் நின்றுபோன கதைப் புத்தகம் ஒன்று இருந்தது. வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். டிஸ்க் வழக்கம்போல முனகிக்கொண்டே சுற்றத் தொடங்கியது. அப்போதும் காணோம். கணவன் பின்னால் நின்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னங்க, வாத்தியார் ஃபோல்டரை வேற எங்கயாவது மாத்தி வச்சீங்களா?"

"மாத்தல. டிஸ்க்குல இருந்த பழசை நேத்தே டெலீட் பண்ணிட்டேன். அதான் கம்ப்யூட்டர்ல புதுசு இருக்கே."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர்ல இருந்ததை நான் நேத்து டெலீட் பண்ணிட்டேன். அதான் டிஸ்க்குல இருக்கேன்னு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடியே நின்றார்கள். சட்டை தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அவன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினான். முதுகுப் பக்கம் முழுசாகப் போயிருந்தது. சட்டையைப் பற்றி அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்படி ஒரு காரியம் வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காது. கணவன் மனைவியில் ஒருவர் சுத்தக்காரராக இருந்தால் இன்னொருவர் குப்பை சேர்ப்பவராக இருப்பதுதான் உலக வழக்கம். அப்படித்தான் குடும்பங்கள் தப்பிப் பிழைக்கின்றன. இங்கே இரண்டும் சுத்தம். அந்த வீட்டில் எந்தப் பொருளும் இரண்டு கிடையாது. ஒரு குடை, ஒரு கத்தரிக்கோல், ஒரு சுத்தியல். ஒரே மாதிரி இரண்டைக் கண்டால் அவளுக்குக் கை பரபரக்கும், அவனுக்குத் தூக்கம் வராது. மாடி வீட்டுக்காரர்கள் இவர்களுக்குத் 'துடைப்பத் தம்பதி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது காதில் விழுந்தபோது இருவரும் கொஞ்சம் பெருமைப்பட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிழைப்பு ஒலிப்பதிவு. வீட்டின் பின்னறைச் சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டி, ஒரு மைக், ஒரு மேசை, வருபவருக்கு ஒரு ஸ்டூல். அவன் பதிவு செய்து இரைச்சல் நீக்குவான். அவள் வெட்டி, ஒட்டி, பெயரிட்டு அடுக்குவாள். விளம்பரங்களும் அறிவிப்புகளும்தான் அதிகம் வரும். விசில் வாத்தியாரைப் போல ஒருவர் அதுவரை வந்ததில்லை.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக உடற்பயிற்சி ஆசிரியர். சட்டைப் பையில் விசில் எப்போதும் இருக்கும், ஊதியதே இல்லை. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று "டேய், குனியாம ஓடு" என்றால் அந்தக் கோடியில் ஓடுபவன் நிமிர்ந்துவிடுவான், அப்படிப்பட்ட தொண்டை. அந்தத் தொண்டையில்தான் வந்து உட்கார்ந்தது வியாதி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சைக்கு முன்பே எழுநூறு வாக்கியங்களைத் தன் குரலில் படித்து வைத்துக்கொண்டால், அதிலிருந்து ஒரு நிறுவனம் இயந்திரக் குரல் செய்து தரும். பிறகு அவர் தட்டெழுத்தில் அடிப்பதை அது அவர் குரலிலேயே பேசும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அவரும் அவர் மனைவியும் ஒன்பது மத்தியானம் வந்தார்கள். அவர் படித்தார், அந்தம்மாள் ஃப்ளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். கடைசி நாள் எழுநூறாவது வாக்கியத்தை முடித்துவிட்டு, "அவ்ளோதானா? இன்னும் இருந்தா குடுங்க" என்றார். இருந்திருந்தால் கொடுத்திருக்கலாம்.

சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. இனி அந்தத் தொண்டையைக் கேட்டுப் பயனில்லை. இருந்தது இந்த எழுநூறுதான்.

தவறு எப்படி நடந்தது என்று கோடு போட்டுப் பார்த்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஃபோல்டரைக் கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தான். அது நடந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். ஞாயிறு காலை கடைசி முப்பது வாக்கியங்களுக்கு மெருகேற்றி முடித்தான். பழசைக் கழுவிவிட்டுத்தான் புதுசை ஊற்ற வேண்டும் என்பது அவன் கொள்கை. அதனால் டிஸ்க்கில் இருந்த பிரதியை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்து, வயரைப் பிடுங்கி வைத்தான். புதுசை ஏற்றுவதற்குள் அவன் தங்கை போனில் வந்தாள். அவள் வந்தால் முக்கால் மணி நேரம்; பேசி முடித்தவன் ஏற்ற வேண்டியதை மறந்தே போனான். அந்த முக்கால் மணி நேரத்தில், கம்ப்யூட்டரில் இடம் குறைந்து சிவப்புக் கோடு காட்டுவதைப் பார்த்துக் கை பரபரத்த இவள், அதான் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறதே என்று இங்கே இருந்ததைத் துடைத்தாள். இவளும் குப்பைத்தொட்டியைக் காலி செய்தாள். அதில் மட்டும் இருவரும் ஒரு நாளும் தவறியதில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அதற்கு மேல் சண்டை போட இருவருக்கும் தெம்பில்லை. பாதிப் பாதி குற்றத்தில் எந்தப் பக்கம் நின்று கத்துவது? அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வாத்தியாரின் மனைவி.

"வியாழக்கிழமை நாங்களே நேர்ல வந்து வாங்கிக்கறோம்மா. ஸ்லேட்டுல தினமும் எழுதிக் காட்டறார், ரெடியா ரெடியான்னு. தொந்தரவு தாங்கல." அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது.

"வாங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். வைத்த பிறகு அழுதாள்.

டிஸ்க் வாங்கிய கடைக்கே அதை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். கடைக்காரருக்கு இவர்களை நன்றாக நினைவிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கல்லாவில் மூன்று டிஸ்க்குகளை வரிசையாக வைத்து அவர் விளக்கம் சொல்லியிருந்தார். தனியாகக் கரண்ட் கேட்கும் பெரிசு ஒன்று. மேசையை விட்டு நகராது. உள்ளங்கையில் அடங்குவது ஒன்று. உள்ளே சுற்றும் தகடே கிடையாது, படு வேகம், ஆனால் கொள்ளளவு குறைவு. நடுவில் இந்தச் சுற்றும் டிஸ்க். மெதுவாக வேலை செய்யும், நிறையக் கொள்ளும், கீழே மட்டும் போடக் கூடாது. அவளுக்கு அந்த வேகமானதன் மேல்தான் கண். ஒலிக் கோப்புகள் இடத்தை விழுங்கும் என்று அவன் பிடிவாதமாக இதை எடுத்தான். இதில் இரண்டு வாங்கி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள் என்று கடைக்காரர் சொன்னபோது இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒரே மாதிரி இரண்டா, நமக்கா!

இப்போது சிரிக்காமல் நடந்ததைச் சொன்னார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"அழிச்சதுக்கு அப்புறம் இதுல வேற ஏதாவது ஏத்தினீங்களா?"

"இல்ல."

"ஒரு போட்டோகூட?"

"இன்னிக்குத் தேடறதுக்குச் செருகினதோட சரி."

"அப்போ உக்காருங்க. தண்ணி குடிங்க." டிஸ்க்கைக் கையில் வாங்கினார். "டெலீட் பண்ணினா வாசல்ல இருக்கற பேர்ப்பலகையைத்தான் கழட்டறோம். வீடு அப்படியே நிக்கும். அந்த இடத்துல வேற ஒண்ணைக் கட்டினாத்தான் இது இடியும். பெரும்பாலும் வந்துடும். முழுசா வருமான்னு இப்பவே சொல்ல மாட்டேன்."

"கம்ப்யூட்டர்ல இருந்தது?"

"அதுல இருக்கறது சுத்தாத டிஸ்க்கு. அதுவும் உங்கள மாதிரிதான், அழின்னு சொன்னா உடனே கழுவிக் கவுத்துடும். நல்ல வேளை சார் இதை எடுத்தாரு."

கணவன் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகவே அன்றைக்கு அவன் மேல் அவளுக்குப் பிரியம் வந்தது.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. துடைக்க வேண்டியது வீட்டில் எவ்வளவோ இருந்தும் இருவரும் துணியைக் கையில் எடுக்கவில்லை. வாத்தியாரிடம் எப்படிச் சொல்வது என்று அவள் மனதுக்குள் விதவிதமாக எழுதிப் பார்த்தாள். மன்னிக்கணும் சார் என்று தொடங்குவதா, ஒரு தப்பு நடந்துபோச்சு என்று தொடங்குவதா? எப்படித் தொடங்கினாலும் அவர் ஸ்லேட்டை எடுப்பார், எழுத ஒன்றும் இல்லாமல் கீழே வைப்பார். அந்த இடத்துக்கு வந்ததும் அவளுக்கு மேலே போக முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கடைக்காரர் கூப்பிட்டார். "வந்துடுச்சும்மா. நீங்க கேட்டதுக்கு மேலயே வந்திருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஃபைலு. பேருதான் எல்லாம் போயிடுச்சு, வெறும் நம்பர்தான் இருக்கு."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவன் பதறி ஓடிவந்தான். "என்னாச்சு, போயிடுச்சா?" அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்பதற்கா ஆமாம் என்பதற்கா என்று அவனுக்கும் புரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. வந்துடுச்சு என்று சொல்ல அவளுக்கு மூன்று மூச்சு பிடித்தது. அவன் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான். இரண்டு நாளாக இறுகிக் கிடந்த உடம்பு அவளுக்கு அப்போதுதான் தளர்ந்தது. உடனே பசித்தது.

கடையில் மீட்ட ஃபைல்களைப் போட்டுக்கொள்ள அவளே புது டிஸ்க் கேட்டாள். "ரெண்டு குடுங்க."

"ஒரே மாதிரி ரெண்டா?" என்றார் கடைக்காரர், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"ஒரே மாதிரி ரெண்டு."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டிலும் ஏற்றினார்கள். ஒன்று அப்போதே அவன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. பிறகு ஆளுக்கொரு ஹெட்ஃபோன், நடுவில் எழுநூறு வாக்கியப் பட்டியல். கேட்க வேண்டும், பட்டியலில் கண்டுபிடித்துக் கோடு போட வேண்டும், பெயரிட வேண்டும். 'கதவு திறந்திருக்கிறது.' 'நீ சாப்பிட்டாயா?' 'நாளைக்கு மழை வருமா?' எண் போட்ட ஒவ்வொரு ஃபைலிலிருந்தும் விசில் வாத்தியார் எழுந்து நின்று பேசினார். வேறு எந்த வேலையிலும் அவளுக்கு இப்படிச் சந்தோஷமாக முதுகு வலித்ததில்லை. வியாழன் காலை பத்து மணிக்கு எழுநூறிலும் கோடு விழுந்துவிட்டது. முப்பது மட்டும் மெருகில்லாத பழைய வடிவம், அரை நாளில் சரிசெய்துவிடலாம்.

மிச்சம் ஆயிரத்து இருநூறு இருந்தது. அவற்றில் பாதிக்கு மேல் பழைய விளம்பரங்கள். மற்றவை, வாத்தியாரின் பதிவை அந்தந்த நாளே இந்த டிஸ்க்கில் வைத்துத் திருத்தும்போது அவள் வெட்டி எறிந்த துண்டுகள். இருமல், தடுமாற்றம், ஸ்டூல் கிறீச்சிடுவது, தண்ணீர் விழுங்குவது. கடைக்காரர் ஓட்டிய மீட்பு நிரல் நல்லது கெட்டது பார்க்காமல் அத்தனையையும் தோண்டி எடுத்துவந்திருந்தது. கணவன் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தான். பழக்க தோஷத்தில் விரல் டெலீட் பொத்தானுக்குப் போனது. அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க. ஒரு தடவை கேட்டுடலாம்."

அழைப்பு மணி அடித்தது.

வாத்தியார் இளைத்திருந்தார். கழுத்தில் சிறு வெள்ளைத் துணி ஒன்று கட்டியிருந்தது, மூச்சு விடும் துளையை மூடுவதற்கு. கையில் ஸ்லேட். அந்தம்மாள் கூடவே இருந்தார், இந்த முறை ஃப்ளாஸ்க் இல்லை. மறைத்துவிடலாம் என்றுதான் கணவன் சொல்லியிருந்தான், அதான் கிடைத்துவிட்டதே என்று. அவளால் முடியவில்லை. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கணவன் டிஸ்க்கில் அழித்ததையும் தான் கம்ப்யூட்டரில் அழித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். வாத்தியார் கண்ணை எடுக்காமல் கேட்டார். பிறகு எழுதினார்: கிடைச்சிடுச்சா?

"எழுநூறும் இருக்கு சார்."

அவர் ஸ்லேட்டைத் துடைத்து மறுபடி எழுதிக் காட்டினார்: ரெண்டு பேரும் மைதானத்தை பத்து ரவுண்டு ஓடணும்.

கணவன் சட்டென்று எழுந்து நின்றுவிட்டான், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள். மூன்று பேருடைய சிரிப்புதான் கேட்டது.

"சார், வேற சிலதும் சேர்ந்து வந்திருக்கு. நாங்க வெட்டிப் போட்டது. வேண்டாம்னா எடுத்துடறேன்" என்றாள் அவள். கேட்கலாம் என்று அவர் தலையசைத்ததும் பின்னறைக்குக் கூட்டிப்போய், எண்ணை மட்டும் பார்த்து ஏதோ ஒன்றைத் தட்டினாள்.

"எனக்குக் குளிர்கிறது, ஜன்னலைச் சா..." ஸ்பீக்கரில் குரல் நின்றது. நல்ல வெயில் நாள் அது. இரைச்சல் விழும் என்று மின்விசிறியை நிறுத்தி வைத்துத்தான் எப்போதும் பதிவு. "ஏம்மா, இங்க வேர்த்து ஊத்துது, குளிருதாம்!" என்று அதே குரல் சொன்னது. அதைத் தொடர்ந்து வெடித்துக்கொண்டு வந்தது சிரிப்பு, மைதானத்துக்கென்றே செய்த சிரிப்பு, பஞ்சு ஒட்டிய சுவருக்குள் அடங்காமல். பின்னால் அந்தம்மாளின் குரல், "ஏங்க, ஒழுங்காப் படிங்க" என்று தானும் சிரித்துக்கொண்டே. எழுநூறு வாக்கியங்களில் எதிலும் சிரிப்பு இல்லை. பட்டியல் போட்டவர்களுக்கு அது தோன்றவில்லை, இவர்களுக்கும் தோன்றவில்லை.

அந்தம்மாள் கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வாத்தியார் ஸ்லேட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், இன்னொரு தடவை என்று. அவள் தட்டினாள். சிரிப்பு வரும் இடம் அவருக்குத் தெரிந்துவிட்டது, அதற்கு ஒரு நொடி முன்பே வாயைத் திறந்தார். ஸ்பீக்கரில் சத்தம் வெடித்தது, ஸ்டூலில் தோள்கள் குலுங்கின, கழுத்தில் கட்டியிருந்த அந்தச் சிறு வெள்ளைத் துணி எழும்பி எழும்பிப் படபடத்தது.