எடுத்து வைத்த மைல்

ஹூஸ்டனுக்கும் பாஸ்டனுக்கும் நடுவே ஆயிரத்து அறுநூறு மைல். விமானத்தில் நூற்று அறுபது பேர் என்பதால், ஆளுக்குப் பத்து மைல் வீதம் கவுண்டரிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பயண நேரம் நாலு மணி. அதில் ஆளுக்கு ஒன்றரை நிமிஷம். செண்பகவல்லி தன் பங்கு மைலைப் பாய்போலச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். நிமிஷத்தைத் திருநீறு மாதிரி காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் பாஸ்டனில் அவள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். தங்கை கோமதிக்குப் பதிவுத் திருமணம். "அந்தப் பையன் உனக்கு ஒத்துவர மாட்டான்" என்று மூன்று வருஷத்துக்கு முன் செண்பகவல்லி சொன்னதோடு இருவருக்கும் பேச்சு நின்றிருந்தது. போன வாரம்தான் கோமதி கூப்பிட்டாள்.

"சாட்சிக்கு நீ வந்தாத்தான்க்கா கல்யாணம். அஞ்சு மணிக்கு ஆபீசை மூடிருவாங்க. வரலைன்னா இனி கூப்பிட மாட்டேன்."

பணிப்பெண் இருக்கை எண்ணைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவராகச் சன்னலைத் திறந்து மைலைக் கீழே விரித்தார்கள். நிமிஷத்தைத் தட்டில் கொட்டினார்கள். விமானம் போய்க்கொண்டிருந்தது.

கடைசி வரிசையும் முடிந்தது. கீழே கடல், எதிரே பாஸ்டன். விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. "ஒரு மைல் குறைகிறது. பைகளைப் பார்த்துக்கொள்ளவும்" என்று விமானி அறிவித்தார்.

எல்லோரும் பைகளைத் துழாவினார்கள். செண்பகவல்லி துழாவவில்லை. கோவில்பட்டியில் அவர்கள் வீட்டு அரிசிப் பானையை ஒருநாளும் வழித்ததில்லை. அடியில் ஒரு பிடி கிடந்தாக வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தில் ஒரு மைலைக் கிழித்துக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள்.

பக்கத்து இருக்கைச் சவரிமுத்து தூத்துக்குடிக்காரர். முடிச்சைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, அது என்ன, ஊறுகாயா?"

"இல்லண்ணே, மைலு."

"அதானே! போன தடவை எங்க வீட்டுக்காரி ரெண்டு மைலை அமுக்கிட்டா. விமானமே எங்களைத்தான் பாத்துச்சு. போட்டுரு தாயி."

அவள் யோசித்தாள். போட்டுவிட்டால் தங்கை முன்னால் போய் நின்றாக வேண்டும். ஒரு மைல் கையில் இருக்கும்வரை, வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யாரையாச்சும் பாக்கப் பயமா?"

"தங்கச்சியை."

"அது பயப்பட வேண்டியதுதான்" என்றார் சவரிமுத்து. "சன்னலை நான் திறக்கேன்."

அவள் முடிச்சை அவிழ்த்து விரித்தாள். விமானம் இறங்கியது. நடுவானில் நின்றதில் ஆன முப்பது நிமிஷத் தாமதம் இருபத்தெட்டரை என்று பதிவாயிற்று. யாரும் ஏனென்று கேட்கவில்லை.

அவள் ஓடி நுழைந்தபோது ஆபீஸ் கடிகாரம் ஐந்தைத் தொட்டிருந்தது. அதிகாரி பதிவேட்டை மூடிவிட்டார். பட்டுப்புடவையில் நின்ற கோமதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ எப்பவும் இப்படித்தான்க்கா."

செண்பகவல்லி கைக்குட்டையின் இன்னொரு முனையை அவிழ்த்து, அதிலிருந்த ஒன்றரை நிமிஷத்தை மேசையில் கொட்டினாள். அதிகாரி அதை ஸ்கேலால் சமமாகப் பரப்பிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு தம்பி" என்றாள். கோமதி அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மேசையில் கால் நிமிஷம் போல மிச்சம் கிடந்தது. அதிகாரி துடைக்கப் போனார்.

"அதை வழிச்சிராதீங்க" என்று கோமதி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதிகாரி தலையாட்டினார். வாசலில் காத்திருந்த ஐந்து மணியை உள்ளே வரச் சொன்னார்.