கரிம வேதியியல் இலையுதிர் காலத்தில் மட்டும்

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. பண்ணை வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் வேதியியல் கொடுப்பதில்லை. எந்த விதியிலும் இது எழுதப்படவில்லை. "பாவம், முதல்ல காலூன்றட்டும்" என்பார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தின் இந்த மேற்குக் கோடியில் பதினேழு வருடங்களாக ஆலோசகராக இருந்து மாணவர்களுக்குப் பாடத்திட்டம் போட்டுக் கொடுக்கும் நானும் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன். இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரக்கமாம், மண்ணாங்கட்டி.

ஜோலின் டுவோராக் ஜூலை மாதத்தில், புதிய மாணவர்கள் வரும் நாளில், தன் அப்பாவுடன் வந்தாள். ஒரு பிள்ளைக்கு இருபது நிமிடம்தான் ஒதுக்குவோம். அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய காரியம் கைகூடியிருந்தது. மாநிலக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் எங்கள் மாணவர்களுக்கென்று வருடத்துக்கு இரண்டே இடங்கள். பள்ளி முடிக்கும்போதே ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அதில் ஒன்று இவளுக்கு. நிபந்தனை ஒன்றே ஒன்று. உயிரியல் படிப்போடு, அவர்கள் கேட்கும் முன்பாடங்கள் அத்தனையையும் மூன்றே வருடத்தில் முடித்துவிட வேண்டும். முடிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி கேட்க வழியில்லை.

"கெமிஸ்ட்ரிய இப்பவே எடுத்துக்கறேனே மேடம்" என்றாள்.

"அவசரப்படாதம்மா. அது பெரிய பாரம். முதல் செமஸ்டர் லேசா இருக்கட்டும். ஜனவரில பாத்துக்கலாம்."

"இல்ல மேடம், லிஸ்ட் நீளமா இருக்கு..."

அவள் அப்பா குறுக்கே புகுந்தார். நாற்பது வருடம் மாடுகளோடு பேசிய குரல். "ஏய், மேடம் சொல்றதக் கேளு. கன்னுக்குட்டி பொறந்தன்னிக்கே ஓடுமா? அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஜோலின் சிரிக்கவில்லை. நான் நீட்டிய திட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். வெளியே இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

ஏப்ரலில், இரண்டாம் வருடத்துக்குப் பதிவுசெய்யும் வாரத்தில், மறுபடி வந்தாள்.

"மேடம், கம்ப்யூட்டர் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுக்க விடமாட்டேங்குது."

திரையைப் பார்த்த கணமே எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. பொது வேதியியல் இரண்டு பகுதி. அதை முடித்த பிறகுதான் கரிம வேதியியல் இரண்டு பகுதி. அதையும் முடித்த பிறகுதான் உயிர்வேதியியல். கரிம வேதியியலை நடத்த எங்களிடம் ஒரே ஒரு பேராசிரியர். இலையுதிர் காலத்தில், அதாவது ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டரில் மட்டுமே ஆரம்பிப்பார். ஜனவரியில் தொடங்கியதால் ஜோலினுக்கு இப்போது பொது வேதியியலின் முதல் பகுதிதான் முடியும் தறுவாயில் இருந்தது. இரண்டாம் பகுதியை இலையுதிர் காலத்தில் படித்தால், கரிம வேதியியலுக்கு அதற்கடுத்த இலையுதிர் காலம் வரை காத்திருக்க வேண்டும். உயிர்வேதியியல் நாலாம் வருடத்துக்குப் போய்விடும். கோடை வகுப்பில் ஈடுகட்டலாம் என்றால் கால்நடைக் கல்லூரி அதை ஏற்பதில்லை. நான் லேசாக்கிக் கொடுத்த ஒரு செமஸ்டர் ஒரு முழு வருடத்தை விழுங்கிவிட்டது.

"ஜனவரில எடுத்தா போதும்னு சொன்னீங்களே மேடம்" என்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் போன பிறகு, ஜூலையில் அதே காலையில் நான் பார்த்த மற்றவர்களின் தாள்களைத் திறந்தேன். ப்ரெஸ்டன், ஊர்ப் பல் டாக்டரின் மகன். கணிதத் தேர்வில் ஜோலினைவிட நாலு மதிப்பெண் குறைவு. அவனுக்கு முதல் செமஸ்டரிலேயே வேதியியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஏன் என்று யோசித்ததாகக்கூட நினைவில்லை. அவனுடைய மடிப்புக் கலையாத சட்டையைப் பார்த்தேன், வேதியியலை எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

ஒரே வழி இருந்தது. பொது வேதியியலின் இரண்டாம் பகுதியையும் கரிம வேதியியலையும் ஒன்றாகப் படிக்க அனுமதி கேட்டு மனுப் போடலாம். ஆலோசகரின் தவறு என்றால் மட்டும் கல்லூரியின் பாடத்திட்டக் குழு அனுமதிக்கும். காரணத்தை ஆலோசகர்தான் எழுத வேண்டும்.

என் மேலாளர் டுவேன் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான்.

"வெர்னா, தப்புன்னு எழுதாத. போன வருஷமே உன் ஃபைல்ல ஒண்ணு ஏறிடுச்சு. ரெண்டாவது ஏறினா விசாரணைதான்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"'புரிதல் குறைபாடு'ன்னு எழுது. உனக்கும் சேதமில்ல, அவளுக்கும் சேதமில்ல."

"குழு ஒத்துக்குமா?"

"ஒத்துக்கிட்டா ஒத்துக்கட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம். 'புரிதல் குறைபாடு' என்றே எழுதினேன். தயங்கினேன் என்று சொல்ல ஆசைதான். தயங்கவில்லை.

ஒன்பது நாளில் பதில் வந்தது. காரணம் போதாது, திட்டத்தில் மாணவியே கையெழுத்திட்டிருக்கிறார், மனு நிராகரிக்கப்படுகிறது.

மே மாதக் கடைசி வாரத்தில் ஜோலின் ஒரு தாளோடு வந்து நின்றாள். உயிரியலிலிருந்து பண்ணை நிர்வாகத்துக்கு மாறும் விண்ணப்பம். அதிலும் என் கையெழுத்து வேண்டும்.

"உயிரியலையாவது விடாதம்மா" என்றேன். "கெமிஸ்ட்ரில தொண்ணூத்தாறு எடுத்திருக்கே. கிளாஸ்லயே நீதான் முதல்."

"அது ஏதோ லக்கு மேடம். நீங்க அன்னிக்கே சொன்னீங்க, பெரிய பாரம்னு. நாந்தான் பெரிசா ஆசப்பட்டுட்டேன். எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒத்து வராதுன்னு அப்பவே புரிஞ்சிருக்கணும்."

'தப்பு என்னுடையது.' நாலு சொல்கூட வேண்டாம், இரண்டே சொல் போதும். அவள் வாழ்நாள் முழுக்கத் தன்னைப் பற்றி நினைக்கப்போவதை அந்த இரண்டு சொல் மாற்றியிருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. டுவேனின் அறைக் கதவு திறந்திருந்தது.

"எனக்காக மனுவெல்லாம் போட்டீங்க" என்றாள் ஜோலின். "வேற யாரு செய்வா? அப்பா உங்களுக்கு மறக்காம தேங்க்ஸ் சொல்லச் சொன்னாரு."

நான் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினேன்.

"பரவாயில்லம்மா" என்றேன்.