கழுதை வரைந்தவனுக்குக் கூலி

இந்தக் காலத்தில் சாவு வீட்டுக்கு வருகிறவனுக்குக் கண்ணீர் வருகிறதோ இல்லையோ, செல்போன் வெளியே வந்துவிடுகிறது. பெட்டிக்குள் தம்பி கிடக்கிறான், அவனைச் சீந்த நாதியில்லை. சிமெண்டுக் கம்பெனி கொண்டுவந்து நிறுத்திய ஆளுயர மலர்வளையத்தோடு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வளையத்தின் நடுவே கம்பெனியின் முத்திரை, ஊருலகமே அறிந்த அந்தக் கழுதைப் படம். முதுகில் மூட்டை, கழுத்தைத் திருப்பிப் பின்னால் ஒரு முறைப்பு.

"நகருங்கய்யா, இதென்ன பொருட்காட்சியா?" என்று இடித்துக்கொண்டு உள்ளே போனார் செத்தவனின் அண்ணனான பெரியவர்.

பதினோரு வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. எல்லாம் இந்தக் கழுதையால்தான். ஒரே கிடங்கில் இருவருக்கும் வேலை. அண்ணன் மூட்டை தூக்கினார், தம்பி மூட்டையில் எழுத்து வெட்டிய அட்டை வைத்து மை தேய்த்துக் கம்பெனிப் பேர் போட்டான். தூக்குகிறவர்களுக்கோ எழுத்து தெரியாது, ஒரு கம்பெனி மூட்டை இன்னொரு கம்பெனி லாரியில் ஏறிவிடும். ஏச்சு கேட்டு அலுத்துப்போய், தம்பி ஒருநாள் இந்தக் கம்பெனி மூட்டைக்கு அடையாளமாக அட்டையில் கழுதையை வெட்டி அடித்தான். கம்பெனிக்காரன் அதையே தன் முத்திரையாகப் பிடித்துக்கொண்டான். அதற்கு ஒரு காசும் வாங்கவில்லை என்று தம்பி சொன்னதுதான் அண்ணனுக்குச் செரிக்கவில்லை. வாங்கிப் பதுக்கிவிட்டுக் கூடப்பிறந்தவனிடமே மறைக்கிறான் என்று உறவை அறுத்துக்கொண்டார்.

"திரும்பிப் பார்க்கும் கழுதை, வாடிக்கையாளரை மறக்காத எங்கள் பண்பு..." என்று கம்பெனி மேனேஜர் உருகிக்கொண்டிருந்தார்.

"அது கிடக்கட்டும்" என்று குறுக்கிட்டார் பெரியவர். "எவ்வளவு குடுத்தீங்க?"

"எதுக்குங்கய்யா?"

"கழுதைக்கு."

"குடுத்தோம்யா, அவர்தான் வேணாம்னுட்டாரு. ஃபைல்லயே இருக்கு."

"ஃபைலை எழுதினது யாரு? நீங்கதானே?"

பெட்டியருகே இருந்த தம்பி மனைவி தலை நிமிராமலே சொன்னாள். "போதும் மாமா. மூட்டையத் தூக்கிட்டு நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள, எவனாவது இன்னொன்ன மேல ஏத்திருவானோன்னு திரும்பித் திரும்பிப் பார்ப்பீங்களாமே. அந்த மூஞ்சியத்தான் போட்டாராம். 'அண்ணனக் கழுதையாக்கினதே பாவம், அதுக்குக் காசு வேற வாங்கணுமா'ன்னாரு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு கடைசிவரைக்கும் சொல்லல."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மேனேஜர் கழுதையைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், மறுபடி கழுதையைப் பார்த்தார். செல்போன்கள் ஒவ்வொன்றாகப் பெரியவர் பக்கம் திரும்பின.

"கதை விடாதே. ஓசியில எவன் வரைவான்?"

வெளியே வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். பெட்டியைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். தலைமாட்டில் நின்றவனைப் பெரியவர் தோளைப் பிடித்து இழுத்து அப்புறப்படுத்தினார்.

"தள்ளுய்யா. தூக்குற லட்சணமா இது?"

தோள் கொடுத்து எழுந்தார். வாசலைத் தாண்டும்போது, பெட்டிப் பலகையில் காது உரச, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"இப்பவாவது உண்மையச் சொல்லுடா. எவ்வளவு வாங்கினே?"

பதில் வருமென்று காத்ததுபோல் நின்றார். பின்னால் தூக்கி வந்தவர்கள் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள்.

"ம்ஹும்" என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.