மூட்டையின் மறுமுனை

நெட்டையனுக்கு முதுகுத்தண்டில் வட்டு நகர்ந்துவிட்டது. இன்னொரு தடவை பாரம் தூக்கினால் கால் இரண்டும் உன் பேச்சைக் கேட்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மீசை அரும்பிய நாளிலிருந்து தானிய குடோனில் மூட்டை தூக்கியவனுக்கு வேறு என்ன தெரியும்? வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரை முறைத்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டி இஸ்திரிக் கடையில் நின்று நின்று கால் வீங்கி வந்தாள்.

மச்சினன்தான் யோசனை சொன்னான். மொபைல் கடையில் வேலை பார்ப்பவன், வாய் மூடத் தெரியாதவன்.

"அத்தான், பாரம் தூக்கறது எப்படின்னு வீடியோ பாடம் எடுத்து ஆன்லைன்ல விப்போம்."

"மூட்டை தூக்கறதை எவன்டா காசு குடுத்துக் கத்துக்குவான்?"

"ஜிம்முக்குப் போறவன் காசு குடுத்துத்தானே தூக்கறான்?"

நெட்டையன் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே காரியம் முடிந்துவிட்டது.

வீட்டில் பதிவு செய்ய முடியவில்லை. தெருவில் ஹாரன், பக்கத்து வீட்டில் மிக்சி. குடோனுக்கு விடுமுறை நாளில் காவல்காரனிடம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கூரை வரைக்கும் அடுக்கிய மூட்டைகளை அட்டி என்பார்கள். இரண்டு அட்டிகளுக்கு நடுவில் நின்று பேசினால் கோணி அத்தனை சத்தத்தையும் குடித்துவிடும். வார்த்தை வாயை விட்டு வந்த இடத்திலேயே செத்துப்போகும்.

"ஸ்டூடியோ தோத்துது போங்க," என்றான் மச்சினன்.

தவிடு அடைத்த பொய் மூட்டை ஒன்றை வைத்துக்கொண்டு நெட்டையன் பாடம் சொன்னான். காலை எங்கே ஊன்றுவது, மூச்சை எப்போது பிடிப்பது, மூட்டையின் நான்கு மூலைக் காதுகளில் எதைப் பிடித்தால் இடுப்பு தப்பும். இரண்டு பேர் தூக்கும் முறைக்கு வந்தபோது மட்டும் அவனறியாமல் ஒரு காரியம் செய்தான். குனிந்து, காதைப் பிடித்து, பேச்சை நிறுத்தினான். கொஞ்சம் பொறுத்துத்தான் நிமிர்ந்தான். ஒவ்வொரு பாடத்திலும் அப்படியே.

அது தொழில் பழக்கம். மறுமுனையில் பிடித்தவன் "ம்" என்று சொல்லாமல் இந்த முனைக்காரன் தூக்கக் கூடாது. முதலாளி வந்து நின்று தாயைச் சேர்த்துத் திட்டினாலும் கூடாது. தூக்கிய பிறகு மற்றவன் கையில் பாரம் இருக்கும்போது விடவும் கூடாது.

நெட்டையனுக்கு மறுமுனை எப்போதும் ஊமையன்தான். ஊமை இல்லை, நாளெல்லாம் அந்த ஒரு "ம்"மைத் தவிர வேறு பேசாததால் வந்த பெயர். போன வருடம் ஒரு லாரியைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தபோது, காது கிழிந்த ஒரு மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு, "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்" என்று அட்டியில் சாய்ந்தான். அவ்வளவு நீளமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை. பிறகு எழுந்திருக்கவில்லை. மிச்ச லாரியை வேறு ஆட்கள் இறக்கினார்கள். அந்தக் கிழிந்த காது மூட்டையை மட்டும் ஒருத்தனும் தொடவில்லை. சுவரோரமாக இன்னும் கிடந்தது.

பாடத்துக்கு "முதுகு பத்திரம்" என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். நாட்கள் போயின. ஈ, காக்கைகூட எட்டிப்பார்க்கவில்லை.

"நாம கூவினா எவனுக்குக் கேக்கும்? அஃபிலியேட் புடிக்கணும் அத்தான்," என்றான் மச்சினன். "ஆளுக்கு ஒரு லிங்க் குடுப்போம். அவங்க லிங்க்ல எவன் வாங்கினாலும் பாதி அவங்களுக்கு."

"பாதியா?"

"மறுமுனையைப் புடிக்கறவனுக்குப் பாதி பாரம்னா, பாதி காசும்தானே?"

அந்தக் கணக்கு நெட்டையனுக்குப் புரிந்தது. ஒரு ஜிம் மாஸ்டர், ஒரு பிசியோதெரபி அம்மா, வீடு மாற்றித் தரும் கம்பெனிக்காரர் ஒருவர் என்று சேர்த்தார்கள். ஜிம் மாஸ்டர் பாடத்தில் ஒரு துண்டை வெட்டித் தன் பக்கத்தில் போட்டார். அன்று மத்தியானமே மொபைல் விடாமல் மணியடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மணியும் ஒரு விற்பனை. நெட்டையனின் பெண்டாட்டி கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்தாள்.

மறுநாள் ஜிம் மாஸ்டர் போன் செய்தார்.

"அண்ணே, பின்னிட்டீங்க! ஆமா, அந்த இன்னொருத்தர் யாரு?"

"எந்த இன்னொருத்தர்?"

"நீங்க பேச்சை நிறுத்தினதும் 'ம்'னு ஒரு குரல் வருதே. கேட்டவுடனே இடுப்பு தானா எழும்புதுண்ணே. அந்தக் குரலுக்குத்தான் எல்லாரும் வாங்கறாங்க."

நெட்டையன் இயர்போன் மாட்டிக் கேட்டான். தன் குரல். இடைவெளி. மறுபடியும் தன் குரல். மச்சினனைக் கேட்கச் சொன்னான்.

"ஆமா, இருக்கே. நீங்கதான் முக்கறீங்கன்னு நெனச்சேன்."

பெண்டாட்டி வாங்கிக் கேட்டாள். இயர்போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள்.

"இது ஊமையண்ணன் குரலு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேடி."

"கேக்கவே வேணாம். இதோட நிறுத்திடுங்க."

"நிறுத்திட்டு? மறுபடி மூட்டை தூக்கவா?"

அவள் வீங்கிய பாதத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் அஃபிலியேட்டுகள் ஒன்றுகூடிக் கழுத்தைப் பிடித்தார்கள். நெட்டையனும் அந்தக் குரல்காரரும் சேர்ந்து நேரலையில் வர வேண்டும். இல்லாவிட்டால் ஏமாற்று வேலை என்று சொல்லி லிங்க்கை எடுத்துவிடுவார்கள்.

"ஒரே ஒரு நாள் அத்தான்," என்றான் மச்சினன். "வழக்கம்போல நில்லுங்க. குரல் வந்தா வரட்டும். வரலைன்னா சிக்னல் கோளாறுன்னு சொல்லிக்கறேன்."

விடுமுறை நாள் மத்தியானம். குடோனின் உச்சி ஜன்னலிலிருந்து வெயில் தூசியாக இறங்கிக்கொண்டிருந்தது. பெண்டாட்டியும் பிடிவாதமாகக் கூட வந்திருந்தாள். மச்சினன் மொபைலைத் தூக்கிப் பிடித்தான். நெட்டையன் வணக்கம் சொல்லி, தவிட்டு மூட்டைக்குக் குனிந்து, காதைப் பிடித்து நிறுத்தினான்.

ஒன்றும் வரவில்லை.

"குரல் எங்கேன்னு கேக்கறாங்க," என்று மச்சினன் கிசுகிசுத்தான்.

நெட்டையன் நிமிரவில்லை. "ம்" வராமல் நிமிர அவன் உடம்புக்குத் தெரியாது. வியர்வை மூக்கு நுனியில் திரண்டு கோணியில் விழுந்தது.

"அத்தான்... எல்லாரும் 'அங்கே இல்ல, பின்னாடி'ன்னு எழுதறாங்க."

"எதுக்குப் பின்னாடி?"

"உங்களுக்கு."

திரும்பினான். சுவரோரம் அந்தக் கிழிந்த காது மூட்டை. அதன் ஒரு முனை இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றது. கிழிந்த காது இருந்த முனை தரையில், அவன் பக்கமாக. பிடித்திருக்க அங்கே ஆள் இல்லை. ஒரு வருடமாக நகராத கோணியின் அடியிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவனுக்குக் கேட்டது. காதுக்குப் பக்கத்தில் இல்லை. மூட்டையின் மறுமுனையில், எப்போதும் வரும் தூரத்திலிருந்து.

"ம்."

பெண்டாட்டி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "வேணாங்க. உங்க காலுங்க. டாக்டர் சொன்னதை மறந்துட்டீங்களா?"

"அவன் தனியாப் புடிச்சிக்கிட்டு நிக்கறான்டி."

"அங்கே யாருமில்லை!"

"மூச்சு வாங்குது பாரு."

அவளுக்கும் கேட்டது. விட்டுவிட்டு இழுக்கும் மூச்சு. அவள் பிடி தளர்ந்தது.

நெட்டையன் போய்க் குனிந்தான். கிழிந்த காதை விட்டு நல்ல காதையும் அடியையும் பிடித்தான். தூக்கினான். பாரம் சரியாகப் பாதி இருந்தது. ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆட்டி, வீசி, பாதி அடுக்கிய ஓர் அட்டிமேல் ஏற்றினார்கள். முதுகில் சுருக்கென்று ஒரு வலி இல்லை. நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்த பயல் மாதிரி நின்றான்.

மொபைல் மணி ஓயவில்லை. "அத்தான், கொட்டுது அத்தான்!" என்று மச்சினன் கத்தினான். "ஜிம் மாஸ்டர் 'நிறுத்தாதீங்க'ன்னு எழுதியிருக்கார்."

பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தூக்கியாச்சுல்ல? கடன் தீர்ந்துச்சு. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர்கள் வாசலை நோக்கி நடந்தார்கள். பூட்டிய கதவுக்கு வெளியே, விடுமுறை நாளில், லாரியின் பின்கதவை அவிழ்த்துவிடும் சங்கிலிச் சத்தம் கேட்டது. அன்று ஊமையன் பாதியில் விட்ட லாரி. நெட்டையன் நின்றான். அவனுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு மூட்டை தரையை விட்டு எழும்பும் ஒலி. அப்புறம் மூச்சு. அப்புறம் அந்த ஒற்றைச் சொல்.

பெண்டாட்டி கையை இழுத்தாள். அவன் அந்தக் கையைப் பதமாக விடுவித்துவிட்டு, உள்ளங்கைகளில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு திரும்பினான்.