ஆளுக்கொரு மிதவை

எங்கள் படகுக்கு அடியில் இரண்டு மிதவைகள். அலுமினியத் தகட்டை உருட்டிப் பற்றவைத்து இரு முனையையும் மூடிய நீள உருளைகள். அவற்றின் மேல் பலகைத்தளம். வலது மிதவையை நான் செய்தேன். இடதைத் தங்கையின் புருஷன் செய்தான். படகு இடப்பக்கம் சாயத் தொடங்கியபோது வாய்ச்சண்டை முற்றி, பாகம் பிரித்துக்கொண்டோம். என் மிதவையின் பாசியை நான் சுரண்டுவேன். அவனுடையதை அவன் சுரண்டினால் உண்டு. தளத்தின் நடுவே பெயிண்டால் கோடும் இழுத்தாயிற்று.

அணைத் தண்ணீரைத் தாண்டி அக்கரை ஆலைக்கு ஆட்களை ஏற்றிப்போக அனுமதி கேட்டிருந்தோம். அது கிடைத்தால்தான் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும். அதிகாரி சோதிக்க வருகிற காலையில் துறைக்குப் போனால், படகு துளியும் சாயாமல் நிற்கிறது.

"என்ன மாப்பிள்ளை, ஒரே ராத்திரியில கூன் நிமிர்ந்துடுச்சு?"

"உங்களை மாதிரி வாயால வேலை செய்யறவன் இல்ல மச்சான் நான்."

அவன் வேலையின் லட்சணம் எனக்குத் தெரியும். ஓட்டையைத் தேடிப் பற்றவைக்கச் சோம்பல்பட்டு, டப்பாவில் வருகிற நுரையை உள்ளே பீய்ச்சி நிரப்பியவன். அந்த நுரை இறுகி, தண்ணீரைக் குடித்துப் பிணம் மாதிரி கனத்துக் கிடந்தது. அது எப்படி மிதக்கும்?

குனிந்து பார்த்தேன். படகு சமமாகத்தான் நின்றது. ஆனால் இரண்டு பக்கமும் தாழ்ந்து நின்றது. தண்ணீர் ஏறக் கூடாத அளவுக்கு வரைந்த சிவப்புக் குறி முழுகிவிட்டிருந்தது. என் மிதவையைத் தட்டினேன். வெறும் குடம் போல ஒலிக்க வேண்டியது மொத்தென்றது. மேல்மூடியைச் சுற்றி ஈரம்.

"என்னோடதுல தண்ணி விட்டியாடா?"

"பின்ன? உங்களுது மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நின்னா, என்னுது சாயாம என்ன செய்யும்?"

"ஆளை ஏத்தினா நடுத்தண்ணியில கவுந்துடும்!"

"அதிகாரி பார்த்துட்டுப் போகட்டும், பம்பு போட்டு எடுத்துடலாம். அதுவரைக்கும் அந்த வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு நில்லுங்க."

நான் பம்பைத் தேடி ஓடுவதற்குள், படகில் கயிறு கட்டி அவிழ்க்கிற வேலை பார்க்கும் என் தங்கை அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"சிவப்புக் குறி எங்கய்யா?" என்றார் அவர்.

"பெயிண்டு உரிஞ்சுபோச்சு சார்," என்றான் மாப்பிள்ளை, கண் சிமிட்டாமல்.

"கரையில ஏத்துங்க."

கையால் சுற்றும் வின்ச்சில் இழுத்து ஏற்றினோம். நாலு பேர் ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரிக் கனத்தது. மிதவைகளின் அடியில் தண்ணீர் வடிக்க வைத்திருக்கும் மரைமூடிகளைக் கழற்றச் சொன்னார். இடது மிதவையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. என்னுடையதிலிருந்து குழாய் உடைந்த மாதிரி கொட்டியது.

"வலது யாருது?"

"மச்சானுது சார். எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பாருங்க, நடுவுல கோடு போட்டிருக்கோம்."

அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். தங்கை இடையில் புகுந்தாள். அவள் தோளுக்கு மேலாகவே நடந்ததையெல்லாம் கத்தினேன். அதிகாரி ஸ்க்ரூடிரைவரை இடது மிதவையின் மூடி வழியாக விட்டுக் கிளறினார். ஊறிப்போன நுரை பிய்ந்து வந்தது.

"இதை வெட்டி எறிஞ்சிட்டுப் புதுசு மாட்டுங்க. அதுவரைக்கும் இது தண்ணியில இறங்கினா ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடுவேன். பெரிய ஆளுங்க, கோடு போட்டு விளையாடறாங்க!" போய்விட்டார்.

என் மிதவை வடிந்து முடிந்தது. தட்டினேன். கணீரென்றது.

"அப்புறம் என்ன மச்சான்? உங்க பாகம் நல்லாதான் இருக்கு. உருட்டிக்கிட்டே வீட்டுக்குப் போங்க," என்றான் அவன்.

"போறேன்டா." ஸ்பானரை எடுத்து, என் மிதவையைத் தளத்தோடு பிணைக்கும் முதல் போல்ட்டில் மாட்டினேன்.

தங்கை தளத்தில் ஏறி, சரியாக அந்த போல்ட்டுக்கு மேலே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"கழட்டுண்ணா. நானும் பார்க்கிறேன்."

"இறங்கு."

"உனக்கு அவர் வேண்டாம், அவருக்கு நீ வேண்டாம். எனக்கு இந்தப் படகு வேணும். கழட்டு, என்னோட சேர்த்துக் கழட்டு."

"அவ அப்படித்தான். நீங்க கழட்டுங்க மச்சான்," என்று சிரித்தான் மாப்பிள்ளை. அவள் செருப்பைக் கழற்றி அவன்மேல் எறிந்தாள்.

நான் முழு பலத்தோடு ஸ்பானரை அழுத்தினேன். துருப்பிடித்த போல்ட் அசையவில்லை. கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டு, அது இறங்கட்டும் என்று மண்ணில் உட்கார்ந்தேன். அவள் இறங்கவில்லை.