சீரியஸ்னு சொல்லுங்க

"அந்தக் கண்ணாடியை விடு. தொட்டிலை மேல ஏத்து. உடனே."

வாக்கிடாக்கியில் சூப்பர்வைசரின் குரல் கரகரத்தபோது, தந்தி முப்பது மாடி உயரத்தில், இரும்புக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்த தொட்டிலுக்குள் நின்றிருந்தான். எதிரே ஆளுயரக் கண்ணாடி. முழுக்க நுரை பூசியாகிவிட்டது. வைப்பரால் மேலிருந்து கீழே ஒரே ஒரு இழுப்பு இழுத்திருந்தான்.

"இன்னும் ரெண்டு இழுப்புதான் சார். விட்டா காஞ்சு கறை பிடிச்சுடும்."

"காயட்டும். நீ வா."

பாதி துடைத்த கண்ணாடியைக் கண்டால் பெற்ற தாயையே வேலையை விட்டுத் தூக்கிவிடக்கூடிய ஆசாமி அந்த சூப்பர்வைசர். போன மாதம் பேய்க்காற்றடித்து தொட்டில் சுவரில் மோதிய நாளில்கூட, "அந்த ஒண்ணை முடிச்சிட்டு அப்புறம் சாமி கும்பிடு" என்றவர். அந்த வாயிலிருந்தா 'காயட்டும்'?

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினான். மோட்டார் உறுமியது; தொட்டில் ஏறத் தொடங்கியது. கல்யாணமான நாலாம் மாதமே விமானம் ஏறி வந்தவன் என்பதால் அந்தப் பையனுக்கு மாப்பிள்ளை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தந்தியோடு ஒரே அறை, ஒரே தொட்டில். வாய் ஓயாமல் பேசுகிற பயல், டீ குடித்துவிட்டு வந்ததிலிருந்து ஊமையாக இருந்தான்.

"என் போன் எங்கடா? டீ குடிக்கறப்ப வாங்கினியே."

"கீழ விழுந்துடுச்சுண்ணே. ஸ்கிரீன் போயிடுச்சு. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

தந்தி அவனையே பார்த்தான். கசப்பாக ஒரு சிரிப்பு வந்தது.

"இதை உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்டா. சொல்லு. யாருக்கு சீரியஸ்?"

தந்தி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அவர்கள் தங்கியிருந்த தொழிலாளர் கட்டடத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், ஊரிலிருந்து முதல் போன் இவனுக்குத்தான் வரும். சம்பந்தப்பட்டவனுக்கு வராது, வரவும் கூடாது. அப்படி ஒரு சட்டத்தைப் போட்டதே இவன்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. டைல்ஸ் போடுகிறவன் ஒருத்தனுக்கு அவனுடைய தம்பி நேராகவே போன் செய்து, அம்மா போய்விட்டாள் என்று போட்டு உடைத்தான். டைல்ஸ்காரன் போனைச் சட்டைப்பையில் வைத்தான். டீயைக் குடித்து முடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மொட்டை மாடிக்குப் போனான். அவனை அம்மாவுக்குப் பக்கத்திலேயே வைத்து எரித்ததாகக் கேள்வி.

அதற்குப் பிறகு எல்லாம் தந்தி சொன்னபடிதான். முதலில் ஆளிடமிருந்து போனை வாங்கிவிடு, அவனைத் தனியாக விடாதே. போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று செத்தாலும் சொல்லாதே, சீரியஸ் என்று சொல். வயிற்றுக்கு ஏதாவது போட்டு விமானத்தில் ஏற்றி அனுப்பு. அழுகையை ஊரில் போய் அழட்டும், அங்கே பிடித்துக்கொள்ள நாலு கை இருக்கும். ஆகாயத்தில் அவனைப் பிடித்துக்கொள்ள சீட் பெல்ட்டைத் தவிர என்ன இருக்கிறது? எத்தனையோ பேரை அப்படி அனுப்பிவிட்டான். ஒருத்தனும் பாதி வழியில் கண்டுபிடித்ததில்லை.

"அப்பாவுக்குண்ணே" என்றான் மாப்பிள்ளை, இரும்புக் கயிற்றைப் பார்த்தபடி. "நெஞ்சு வலியாம். ஐ.சி.யூ.ல வெச்சிருக்காங்க. சீரியஸ்தானாம். ஆனா பயப்படறதுக்கு ஒண்ணுமில்லையாம்."

"சீரியஸ். ஆனா பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை." தந்தி தலையாட்டினான். அதுவும் அவனுடைய வசனம்தான். வார்த்தை மாறவில்லை.

ஆனாலும் மனுஷ மனசு இருக்கிறதே. ஒருவேளை நிஜமாகவே ஐ.சி.யூ.வாக இருந்தால்? இந்த ஒரு தடவை சீரியஸ் என்பதற்கு சீரியஸ் என்றே அர்த்தமாக இருந்தால்? மூச்சிருக்கும்போதே முகத்தைப் பார்த்துவிடலாமே. தொட்டில் மொட்டை மாடியைத் தொடுவதற்குள் இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்றத் தொடங்கிவிட்டான். விதிப்படி அது குற்றம். மாடியில் நின்றிருந்த சூப்பர்வைசர் பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

கீழே கம்பெனி வேன் உறுமிக்கொண்டே நின்றது. ஓட்டுநர் இருக்கையில் சித்தப்பா. அவருக்கு அந்த ஊரில் உறவென்று யாருமில்லை, ஆனால் அறையிலிருந்த அத்தனை பேருக்கும் அவர் சித்தப்பா.

"சாயங்காலம் பிளைட். டிக்கெட் போட்டாச்சு. ஏறு."

அறைக்குள் நுழைந்ததும் தந்தி நின்றுவிட்டான். இரும்புக் கட்டிலில் அவனுடைய கீழ்த்தட்டு மொட்டையாகக் கிடந்தது. விரிப்பில்லை, தலையணை இல்லை. சுவரில் அவன் அடித்த ஆணியில் தொங்கிய சட்டைகளைக் காணோம். கயிறு கட்டிய பெரிய பெட்டி ஒன்று வாசலைப் பார்த்து நின்றது. அவனுடைய தட்டு, தம்ளர், செருப்பு எல்லாம் அதற்குள்.

"பத்து நாள் காரியத்துக்குப் போறவனுக்கு எதுக்கு இவ்வளவு மூட்டை?"

"உன் விசாவை கேன்சல் போட்டாச்சுப்பா" என்றார் சித்தப்பா.

"என்னது?"

"லீவுன்னு போய் நின்னா ஆபீஸ்ல இழுத்தடிப்பாங்க. ஒரேயடியா ஊருக்குப் போறான்னு சொன்னேன். பாஸ்போர்ட்டைக் கையில குடுத்துட்டாங்க."

"என்னை ஒரு வார்த்தை கேக்காமலா? பத்து வருஷத்துக்கு மேல குப்பை கொட்டின ஊரு சித்தப்பா. போறவன் சொல்லிக்கிட்டுப் போக வேணாமா?"

"யார்கிட்டப்பா சொல்லிக்கப் போறே? கண்ணாடிகிட்டயா?"

சித்தப்பா சொன்னதில் பொய்யில்லை. அந்த ஊரில் அவனுக்குத் தெரிந்த முகமெல்லாம் இந்த அறைக்குள் அடங்கிவிடும்.

சித்தப்பா தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்து அவன் கையில் வைத்தார். எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்தையும் காவல் காத்தார்.

"என் வித்தையை என்கிட்டயே காட்டறீங்க."

"காட்டறோம். சாப்பிடு."

"அவகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுச் சாப்பிடறேன். உங்க போனைக் குடுங்க."

"உன் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில இருக்கு. உள்ளே போனை விடமாட்டாங்க." சித்தப்பா சட்டென்று எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார்.

வேன் நகரத்தின் நடுவே போனது. மத்தியான வெயிலில் கோபுரங்கள் தகதகத்தன. தந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். வளைந்த முதுகோடு நிற்கிற அந்த வங்கிக் கட்டடத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தொங்கியிருக்கிறான். அதோ, மொட்டை மாடியில் மரம் வளர்க்கிற ஓட்டல். அதன் ஓர் அறையில் ஒரு பெண்மணி, இவன் தொட்டில் எட்டிப் பார்த்த நேரத்தில் தனியாக அழுதுகொண்டிருந்தாள். திரையை இழுத்து மூடினாள். அலுவலகங்களுக்குள் கேக் வெட்டினார்கள், சண்டை போட்டார்கள், மேஜைமேல் தலை வைத்துத் தூங்கினார்கள். சில குழந்தைகள் கை ஆட்டும். அவனும் ஆட்டுவான். இந்த நகரத்தை வெளியிலிருந்து துடைத்தானே தவிர, ஒரு கட்டடத்துக்குள்ளாவது முன்வாசல் வழியாகப் போனதில்லை.

இப்போது அது ஒரு பொருட்டாகக்கூடத் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வரப்போவதில்லை. எந்தக் கண்ணாடியும் அதற்காகக் கலங்கவில்லை. அவனுக்கும் அழுகை வரவில்லை. துடைத்துத் துடைத்துத் தேய்ந்தது என்னவோ அவன் தோள்பட்டைதான்.

அப்பாவை நினைத்துக்கொண்டான். லீவில் போகும்போதெல்லாம் வாசலிலேயே வசவு ஆரம்பமாகிவிடும். "வந்துட்டாரு துரை. பெத்த பொண்ணுக்கு அப்பன் முகத்தை போட்டோவுல காட்ட வேண்டியிருக்கு." இரண்டாம் வகுப்புப் படிக்கிற அந்த மகளை அவன் பெரும்பாலும் போன் திரையில்தான் வளர்த்தான். அம்மா இல்லாத வீட்டில் கிழவரையும் குழந்தையையும் ஒரு கையால் இழுத்துக்கொண்டு போனவள் அவன் மனைவி. ராத்திரி போனில் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "உங்கப்பா இன்னிக்கு ரெண்டு தடவைதான் திட்டினாரு. உடம்பு சரியில்லையோ என்னவோ" என்பாள்.

விமான நிலையப் பலகை தெரிந்ததும் தந்தி மெதுவாகக் கேட்டான்.

"சித்தப்பா, நான் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவன். என்கிட்ட வேணாம். அப்பா போயிட்டாரா?"

கண்ணாடி வழியாக சித்தப்பா பின்சீட்டில் இருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை குனிந்துகொண்டான். சித்தப்பா வேனை ஓரம் கட்டினார்.

"போயிட்டாருப்பா" என்றார். "காலையிலேயே."

தந்தி மூச்சை மெல்ல விட்டான். தெரிந்த விஷயம்தான். காதால் கேட்பதற்குத்தான் கொஞ்சம் கனமாக இருந்தது.

"உன்கிட்ட மறைக்க முடியுமா? நீயே கண்டுபிடிச்சிட்டே. மனசைத் தேத்திக்கோ."

"வயசானவருதானே சித்தப்பா. கஷ்டப்படாமப் போனாரா?"

"பட்டுனு போயிடுச்சாம் உசுரு."

பின்சீட்டில் மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். தந்தி திரும்பி அவன் முழங்காலைத் தட்டினான்.

"எங்கப்பனுக்கு நீ ஏன்டா இப்படி அழறே? நேர்ல பார்த்திருந்தா உன்னையும் சேர்த்துத் திட்டியிருப்பாரு. அழாதே. நான் ஒண்ணும் மாடியிலேருந்து குதிக்க மாட்டேன்."

இதைக் கேட்டு மாப்பிள்ளை இன்னும் மோசமாக அழுதான்.

"அவகிட்ட மட்டும் பேசிடறேனே" என்றான் தந்தி.

"வேணாம்பா." சித்தப்பாவின் குரல் உடைந்தது. "பேசினா ரெண்டு பேருக்குமே தாங்காது. நேர்ல போய்ப் பாரு."

நியாயம்தான். மற்றவர்களுக்கு அவனும் இதையேதான் சொல்லியிருக்கிறான்.

விமான நிலைய வாசலில் சித்தப்பா அவனைக் கட்டிக்கொண்டார். விடவே இல்லை. காவலாளி விசிலடித்த பிறகுதான் கை தளர்ந்தது. "பொண்ணைப் பார்த்துக்கோ" என்றார். அவ்வளவுதான். வேன் திரும்பி வாகனங்களுக்குள் மறைந்தது. ஒரு நகரம் முழுவதற்குமான பிரியாவிடை அதோடு முடிந்தது.

உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, காத்திருக்கும் கூடத்துத் திரையைப் பார்க்கிறவரை. அவனுடைய விமானத்துக்கு நேரே சிவப்பு எழுத்துகள் வந்து நின்றன. தாமதம். எவ்வளவு நேரம் என்று கவுண்டர் பெண்ணுக்கும் தெரியவில்லை. எந்திரக் கோளாறாம்.

தந்தி திரையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

சொந்தக்காரர்களைப் பற்றி அவனுக்குத் தெரியாதா? இன்று பொழுது போகட்டும் என்பார்கள். நாளை உச்சி வெயில் ஏறியதும், இதற்கு மேல் உடம்பு தாங்காது, பெட்டியில் குளிர் போதவில்லை, வந்த சனம் ஊருக்குத் திரும்ப வேண்டாமா என்று ஆரம்பிப்பார்கள். பங்காளி மகன் எவனாவது கொள்ளி வைத்துவிடுவான். ஒரே பிள்ளை அவன். அம்மா போனபோதும் இப்படித்தான் வந்து சேர முடியாமல், சாம்பலைத்தான் பார்த்தான். அப்பாவையும் அப்படி விடக்கூடாது. எடுத்துவிடாதீர்கள் என்று யாராவது சொல்லியாக வேண்டும். சொன்னால் அவள் ஒருத்திதான் வாசலில் குறுக்கே படுத்தாவது தடுப்பாள்.

பெரிய பொம்மைப் பெட்டியை மடியில் வைத்திருந்த ஒருவர் தமிழில் யாரிடமோ பேசி முடித்தார். தந்தி அவர் முன்னால் போய் நின்றான்.

"சார், ஒரே ஒரு போன். வீட்ல சாவு."

அவர் பொம்மையை நகர்த்திவிட்டு உடனே நீட்டினார். மனைவியின் எண் ஒன்றுதான் தந்திக்கு மனப்பாடம். ஒரு தடவை தப்பாகி, அழித்து, மறுபடி போட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள். பின்னணியில் பெண்களின் ஒப்பாரி.

"ஹலோ. யாருங்க?"

அப்பாவின் குரல்.

தந்தி போனை இறுக்கிக்கொண்டான். ஒரு கணம் உடம்பெல்லாம் சில்லென்று பூத்தது. அப்பா பேசுகிறார். சாகவில்லை. சித்தப்பாவுக்கு யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு தடவை சீரியஸ் என்பதற்கு சீரியஸ் என்ற அர்த்தம்கூட இல்லை. 'அப்பா' என்று கூப்பிட வாயைத் திறந்தான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. கூடத்தின் ஒலிபெருக்கி வேறு ஏதோ ஒரு விமானத்தை அழைத்துக் கத்தியது.

அப்பாவுக்கு ஒரு காது மந்தம். காலையிலிருந்து இதே போல எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்த குரலில், அவர் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"துக்கம் கேக்கத்தானே கூப்பிட்டீங்க? இன்னும் எடுக்கலைங்க. பையன் வெளிநாட்டுலேருந்து வந்துக்கிட்டிருக்கான். அவன் வந்து முகம் பார்த்ததும் எடுத்துடுவோம். என்னத்தைச் சொல்றது? காலையில தண்ணி மோட்டார் போடப் போச்சு அந்தப் பொண்ணு. ஈரக்கை. சத்தம் கேட்டு நான் ஓடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. பாப்பா பள்ளிக்கூடத்துல இருந்தா. இப்ப அழுது அழுது என் மடியிலதான் தூங்கறா. பையன்கிட்ட எனக்குத்தான் முடியலைன்னு சொல்லச் சொல்லியிருக்கு. நீங்க யாரும் வாய் தவறி அவன்கிட்ட உளறிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஒப்பாரி சற்று உயர்ந்து தணிந்தது. கிழவர் மூக்கை உறிஞ்சினார்.

"ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்களே. எனக்குச் சரியாக் காது கேக்காது, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. நீங்க எங்க மருமகளுக்கு என்ன முறை வேணும்?"